அயர்ட்டன் சென்னா

அயர்ட்டன் சென்னா ட சில்வா (மார்ச் 21, 1960 – மே 1, 1994) பிரேசில் நாட்டைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். பார்முலா 1 பந்தயங்களில் 1988, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டத்தை வென்றார். 161 பந்தயங்களில் கலந்துகொண்டு 41 வெற்றிகளைப் பெற்றார். இத்தாலியின் இமோலா நகரில் நடைபெற்ற சான் மரீனோ பந்தயத்தில், முன்னணியில் சென்று கொண்டிருந்தபோது ஏற்பட்ட விபத்தில் தமது 34-ஆம் அகவையில் இறந்தார்.

மழைக்காலப் பந்தயங்களின் மன்னராகவே சென்னா பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். அவருடைய பந்தய வாழ்க்கைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஓட்டுநரின் கையும் காலும் செய்துவந்த வேலையைக் கணினி மெல்லமெல்ல எடுத்துக்கொண்ட காலமும், அக்கணினியைப் பந்தய வண்டியிலிருந்து மீண்டும் அகற்றிய ஆண்டும் அவர் வாழ்நாளுக்குள் அடங்குகின்றன. அகற்றிய அந்த ஆண்டிலேயே அவர் இறந்தார். ஆகவே அவர் வரலாற்றைப் புரிந்துகொள்ள, இழுவைக் கட்டுப்பாடு என்பதைச் சற்று அறிந்திருத்தல் நலம்.

இழுவைக் கட்டுப்பாடு

டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சின் தரும் விசை அவ்வெல்லையைக் கடக்குமானால் சக்கரம் வண்டியைத் தள்ளாமல் நின்ற இடத்திலேயே சுழலும். வடகிழக்குப் பருவமழையின்போது சென்னை வடபழனி நூறடிச் சாலையில் சைகை விளக்கு பச்சையானதும் அவசரமாக முடுக்கும் இரு சக்கர வண்டியின் பின்சக்கரம் வழுக்குவதைப் பலரும் கண்டிருக்கலாம். நேர்ச்சாலையில் இது சிறு தடுமாற்றத்தோடு முடியும். வளைவில், பின்சக்கரங்களால் இயங்கும் ஆற்றல் மிக்க தானுந்தில், வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசப்பட்டு வண்டியே சுழன்றுவிடும்.

டிராக்சன் கண்ட்ரோல் என்று ஓட்டுநர்கள் கூறும் இழுவைக் கட்டுப்பாட்டு அமைப்பில், ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். எஞ்சினால் இயங்கும் சக்கரங்கள் மற்றச் சக்கரங்களை விட வேகமாகச் சுழல்வதைக் கணினி கண்டால், ஓட்டுநர் முடுக்கியை எவ்வளவு அழுத்தியிருந்தாலும் பொருட்படுத்தாது எஞ்சினின் விசையைக் குறைத்துவிடும். இதன் அடுத்த படியான மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வண்டி திரும்பும் வேகத்தையும் திசைமாற்றியின் கோணத்தையும் ஒப்பிட்டு, வேண்டிய ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் இட்டு வண்டியை நேராக்கும். 1995-இல் மெர்சிடிஸ் நிறுவனம் பாஷ் நிறுவனத்துடன் இணைந்து இதனைச் சாலை வண்டிகளில் கொண்டுவந்தது. விரைவுத் தானுந்துகளில் இவ்வமைப்புகளை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருப்பது வழக்கம். பொதுச்சாலையில் அப்பொத்தானைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. ஐக்கிய அமெரிக்காவில் 2012 முதல் புதிய மகிழுந்துகள் அனைத்திலும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. பந்தயத் தடத்தின் கணக்கு வேறு. அங்கே வண்டியின் பிடிப்பைக் காப்பது ஓட்டுநரா, கணினியா என்பதே போட்டியின் அடிப்படைக் கேள்வியாகிவிடுகிறது.

இளமை

சென்னா சாவோ பாவுலோ நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை மில்டன் ட சில்வா தொழிலதிபர். தாயார் நெய்டி சென்னா. விவியானி என்ற தமக்கையும் லியோனார்டோ என்ற தம்பியும் இருந்தனர். நான்கு அகவையில் அவருக்குத் தந்தை ஒரு சிறு கார்ட் வண்டியைச் செய்து கொடுத்தார். புல்வெட்டும் இயந்திரத்தின் ஒரு குதிரைத்திறன் எஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது. 13-ஆம் அகவையில் இன்டர்லாகோஸ் தடத்தில் தம் முதற் கார்ட் பந்தயத்தில் பங்கேற்றார்.

கார்ட் வண்டியில் தொங்கல் அமைப்பு கிடையாது. பின்னச்சு ஒரே தண்டாக இருப்பதால் வளைவில் ஒரு சக்கரமேனும் வழுக்கியே தீரவேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அமர்ந்திருக்கும் சிறுவன் அவ்வழுக்கலை உடம்பாலேயே உணர்ந்து பழகுகிறான். இளமையில் மழையில் நடந்த ஒரு கார்ட் பந்தயத்தில் சென்னா மிகவும் பின்தங்கிப் போனார். அதன்பின் மழை பெய்யும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு நனைந்த தடத்துக்குச் சென்று பயிற்சி செய்யலானார். பிற்காலத்தில் உலகமே வியந்த மழைத்திறன் பிறவிக்கொடை என்று சிலர் எழுதுவதுண்டு. அது பெரிதும் இந்தப் பயிற்சியின் பயன் என்பதே பொருத்தம்.

1977-இல் தென்னமெரிக்கக் கார்ட் வாகையர் ஆனார். உலகக் கார்ட் போட்டியில் 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாம் இடமே கிட்டியது. 1981-இல் இங்கிலாந்துக்குச் சென்று பார்முலா போர்டு வகைப் பந்தயங்களில் ஓட்டத் தொடங்கினார். அவ்வாண்டு நடந்த திருமணம் நீடிக்கவில்லை. சில்வா என்பது பிரேசிலில் மிகப் பரவலான பெயர் என்பதால் தாயாரின் குடும்பப் பெயரான சென்னாவையே பந்தயப் பெயராகக் கொண்டார். 1983-இல் மார்ட்டின் பிரண்டில் என்பவருடன் கடுமையாகப் போட்டியிட்டுப் பிரித்தானிய பார்முலா 3 பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டில் மக்காவ் பந்தயத்தையும் வென்றார்.

மழையும் வலக்காலும்

1984-இல் டோல்மன் என்ற சிறிய அணியின் மூலம் பார்முலா 1-இல் நுழைந்தார். அவ்வாண்டு மொனாக்கோ பந்தயம் கொட்டும் மழையில் நடந்தது. 13-ஆம் இடத்தில் தொடங்கிய சென்னா ஒவ்வொருவராக முந்திக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு வந்து, முதலிடத்தில் இருந்த அலான் புரோஸ்டை விரைந்து நெருங்கிக் கொண்டிருந்தார். அந்நிலையில் மழையின் கடுமையால் பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வெற்றி புரோஸ்டுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு லோட்டஸ் அணியில் சேர்ந்தார். ஏப்ரல் 21, 1985 அன்று போர்த்துகல்லின் எஸ்டோரில் தடத்தில், மீண்டும் மழையில், தம் முதல் வெற்றியைப் பெற்றார். இரண்டாவதாக வந்த மிக்கேலே அல்போரேட்டோவைத் தவிர எஞ்சிய அனைவரையும் ஒரு சுற்றோ அதற்கு மேலோ பின்தள்ளினார். அல்போரேட்டோவும் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியே வந்தார். புரோஸ்டின் வண்டி நேர்தடத்திலேயே வழுக்கிச் சுழன்று வெளியேறியது என்பதிலிருந்து அன்றைய தடத்தின் நிலையை உணரலாம். அக்கால டர்போ எஞ்சின்கள் முடுக்கியை அழுத்தியதும் விசை தருவதில்லை. சற்றுத் தாமதித்து, பின்னர் ஒரேயடியாகப் பெரும் விசையைக் கொட்டும். ஈரத்தில் அவ்விசையை அளந்து செலுத்த வலக்காலைத் தவிர வேறு கருவி எதுவும் இல்லை.

அந்த வலக்காலைப் பற்றித் தனியே கூறவேண்டும். வளைவுக்குள் பெரும்பாலான ஓட்டுநர்கள் முடுக்கியை ஒரே சீராக அழுத்திச் செல்வர். சென்னாவோ வளைவின் நடுவிலேயே முடுக்கியை மிக விரைவாகத் தட்டித்தட்டி விடுவார். ஒரு நொடிக்குள் பலமுறை அழுத்துவதும் விடுவதுமாக இருப்பார். டர்போவின் சுழற்சி குறையாமல் இருக்கவே அவ்வாறு செய்கிறார் என்று முதலில் கருதினர். 1989-இல் டர்போ எஞ்சின்கள் தடை செய்யப்பட்ட பின்னரும் அவர் அவ்வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தட்டலிலும் பின்சக்கரத்தின் பிடிப்பு எங்கே முடிகிறது என்பதைத் தொட்டுப் பார்த்து, எல்லை கடந்த அக்கணமே விசையைக் குறைத்தார் என்பது பொறியாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. இழுவைக் கட்டுப்பாட்டுக் கணினி செய்வதும் ஏறத்தாழ இதுவே. சப்பானில் இப்பழக்கத்துக்குச் சென்னாவின் பாதம் என்று பொருள்படும் ஒரு பெயரே வழங்கலாயிற்று.

மின்னணுக் கருவிகளை அவர் அறியாதவர் அல்லர், வெறுத்து ஒதுக்கியவரும் அல்லர். 1987-இல் லோட்டஸ் 99டி வண்டியில் கணினியால் இயங்கும் தொங்கல் அமைப்பு இருந்தது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப வண்டியின் உயரத்தை நீரியல் விசையால் மாற்றிக்கொண்டே இருக்கும் அமைப்பு அது. அவ்வண்டியில் மொனாக்கோ, டெட்ராயிட் ஆகிய இரண்டு நகர்த்தெருப் பந்தயங்களை வென்றார். இவ்வகைத் தொங்கல் அமைப்பு கொண்ட பார்முலா 1 வண்டி பெற்ற முதல் வெற்றிகள் இவை.

மெக்லாரன் ஆண்டுகள்

1988-இல் ஹோண்டா எஞ்சின் பூட்டிய மெக்லாரன் அணியில் புரோஸ்டுடன் இணைந்தார். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ அவ்வணியே வென்றது. சென்னா எட்டு, புரோஸ்ட் ஏழு. சென்னாவுக்கு முதல் பட்டம் கிடைத்தது. இருவருக்கும் இடையே எழுந்த பகை பந்தய வரலாற்றில் பெயர் பெற்றது. 1989-இல் சப்பானின் சுசூக்காவில் இருவரும் மோதிக்கொண்டனர். சென்னா தொடர்ந்து ஓட்டி முதலாவதாக வந்தும் தகுதிநீக்கம் செய்யப்பட, பட்டம் புரோஸ்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே தடத்தில் முதல் வளைவிலேயே, அப்போது பெராரி அணிக்கு மாறியிருந்த புரோஸ்டின் வண்டியைச் சென்னா மோதினார். இருவரும் வெளியேற, பட்டம் சென்னாவுக்கு வந்தது. அம்மோதல் தற்செயலானதன்று என்பதை ஓராண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். அவரைப் போற்றி எழுதுவோர் இதனை மெல்லக் கடந்து செல்வர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இன்னொருவர் உயிரையும் பணயம் வைத்த செயல் அது என்பதை மறைத்தல் முறையன்று.

மறுபுறம், 1992-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது எரிக் கோமாஸ் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் விபத்தில் நினைவிழந்து கிடந்தார். தம் வண்டியை நிறுத்திவிட்டு, பிற வண்டிகள் வந்துகொண்டிருந்த தடத்தின் குறுக்கே ஓடி உதவியவர் சென்னா.

1991, மார்ச் 24 அன்று சொந்த ஊரான சாவோ பாவுலோவில் முதன்முறையாக வென்றார். பந்தயத்தின் இறுதிப் பகுதியில் கியர்ப்பெட்டி பழுதாகி ஆறாவது கியரில் மட்டுமே வண்டி ஓடிற்று. மெதுவான வளைவுகளையும் அதே கியரில் கடந்து முடித்தவரை வண்டியிலிருந்து பிறர் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டே மூன்றாவது பட்டமும் கிட்டியது.

இக்காலத்தில் ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். என்ற விரைவுத் தானுந்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1989-இல் சுசூக்காவில் முன்மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்து, அதன் உடற்கூடு போதிய உறுதியுடன் இல்லை என்று கருத்துரைத்தார். ஹோண்டா பொறியாளர்கள் அதன்பின் கூட்டின் உறுதியைப் பெரிதும் கூட்டினர். 1990-இல் வெளிவந்த என்.எஸ்.எக்ஸ். வண்டியில் இழுவைக் கட்டுப்பாடு இருந்தது. 1992-இல் பந்தயத் தடத்தை மனத்திற்கொண்டு வெளியிடப்பட்ட ஆர் வகையில் ஒலித்தடுப்பு, குளிர்சாதனம் ஆகியவற்றோடு இழுவைக் கட்டுப்பாட்டையும் நீக்கி, எடையை ஏறத்தாழ 120 கிலோகிராம் குறைத்தனர். சாதாரணக் காலணியும் வெண்ணிறக் காலுறையும் அணிந்து சென்னா என்.எஸ்.எக்ஸ். வண்டியைச் சுசூக்காவில் ஓட்டும் ஒளிப்படக் காட்சி ஒன்று இன்றும் பரவலாகக் காணப்படுகிறது. முடுக்கியின் மேல் அவருடைய வலக்கால் ஓயாது தட்டுவதை அதில் நேரிற் காணலாம்.

கணினிகளின் காலம்

1992-இல் வில்லியம்ஸ் அணியின் எப்.டபிள்யூ. 14பி வண்டி, கணினித் தொங்கல், இழுவைக் கட்டுப்பாடு, அரைத்தானியங்கிக் கியர் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டு வந்தது. நைஜல் மான்செல் அதில் ஒன்பது பந்தயங்களை வென்று வாகையர் ஆனார். சென்னாவால் மூன்றை மட்டுமே வெல்ல முடிந்தது. ஹோண்டா நிறுவனமும் அவ்வாண்டு இறுதியில் விலகிற்று. ஓட்டுநரின் திறமையைக் கருவி மறைத்துவிடுகிறது என்றும், மின்னணு உதவிகளை நீக்கினால்தான் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான போட்டியாகப் பந்தயம் மீளும் என்றும் சென்னா வெளிப்படையாகக் கூறலானார். தோற்றவரின் முறையீடு என்று இதனைக் கொள்வோரும் இருந்தனர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவரே வில்லியம்ஸ் வண்டியில் இடம்பெறப் பெரிதும் முயன்றார். ஆனால் 1993-க்கான வில்லியம்ஸ் ஒப்பந்தம் புரோஸ்டிடம் இருந்தது. சென்னாவைத் துணை ஓட்டுநராக ஏற்கப் புரோஸ்ட் இசையவில்லை.

எனவே 1993-இல், ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே உடன்பட்டு, ஆற்றல் குறைந்த போர்டு எஞ்சின் கொண்ட மெக்லாரன் எம்.பி.4/8 வண்டியை ஓட்டினார். அவ்வண்டியிலும் இழுவைக் கட்டுப்பாடும் கணினித் தொங்கலும் இருந்தன. ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டோனிங்டன் தடத்தில் மழையில் நடந்த ஐரோப்பியப் பந்தயத்தில், தொடக்கத்தில் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட சென்னா, மைக்கேல் சூமாக்கர், கார்ல் வென்ட்லிங்கர், டேமன் ஹில், புரோஸ்ட் ஆகிய நால்வரையும் முதல் சுற்றிலேயே முந்தி முதலிடம் பிடித்தார். பார்முலா 1 வரலாற்றின் மிகச் சிறந்த சுற்று என்று இதனைப் பலர் மதிப்பிடுகின்றனர். சென்னாவின் மதிப்பீடு வேறாக இருந்தது. டோனிங்டனில் தமக்கு இழுவைக் கட்டுப்பாடு துணை நின்றது, எஸ்டோரிலில் அது இல்லை என்பதைக் காரணம் காட்டி, 1985-இன் வெற்றியையே அவர் உயர்வாகக் கருதினார். மற்றவர்கள் வைத்திருந்த கருவியைத் தாமும் வைத்திருந்து வென்றதைத் தம் கணக்கில் முழுமையாக வரவு வைத்துக்கொள்ளாத இந்நேர்மை குறிப்பிடத்தக்கது.

அவ்வாண்டு ஐந்து பந்தயங்களை வென்றார். மொனாக்கோவில் பெற்ற ஆறாவது வெற்றி இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையாகும். நவம்பர் 7 அன்று ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பெற்றது அவருடைய கடைசி வெற்றி. புரோஸ்ட் அப்பந்தயத்தோடு ஓய்வு பெற்றார்.

1994: அகற்றப்பட்ட கருவிகள்

செலவு பெருகுவதையும் ஓட்டுநரின் பங்கு குறைவதையும் காரணமாகக் கூறி, பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு 1994 முதல் கணினித் தொங்கல், இழுவைக் கட்டுப்பாடு, சக்கரம் பூட்டாத் தடை, தொடக்கக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தடை செய்தது. சென்னா விரும்பியது நிறைவேறிற்று. அவர் விரும்பிய வில்லியம்ஸ் அணியும் அவ்வாண்டே அவருக்குக் கிடைத்தது.

இங்கேதான் ஒரு முரண் அமைந்தது. வில்லியம்ஸ் வண்டிகளின் காற்றியக்க வடிவம், தரையிலிருந்து வண்டியின் உயரத்தைக் கணினி மாறாமல் காத்துவந்த நிலையில் சில ஆண்டுகளாக வளர்ந்த ஒன்று. உயரம் மாறாதிருந்தால் வண்டியின் அடிப்பகுதியில் ஓடும் காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும். கணினித் தொங்கல் அகன்றபின் எப்.டபிள்யூ. 16 வண்டி பிரேக் இடும்போது முன்னும், முடுக்கும்போது பின்னும் சாய்ந்தது. உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் அழுத்தும் விசை திடீரெனக் கூடியது அல்லது குறைந்தது. வண்டியின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, அக்காற்றியக்கக் குறைபாட்டைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். முதலிலிருந்தே கருவியின்றி வடிவமைத்த வண்டியும், கருவியை நம்பி வளர்ந்து பின்னர் அதனை இழந்த வண்டியும் ஒன்றல்ல. ஓட்டுநரின் காலுக்குப் பழைய பொறுப்பு திரும்பி வந்தது. ஆனால் அக்காலுக்கு வண்டி தரும் செய்தி நம்பத் தகுந்ததாக இல்லை.

முதல் பந்தயம் சாவோ பாவுலோவில் நடந்தது. முதலிடத்தில் தொடங்கிய சென்னா, பெனட்டன் அணியின் சூமாக்கரைத் துரத்துகையில் வண்டி சுழன்று வெளியேறினார். இரண்டாவது, சப்பானின் ஐடா தடத்தில். மீண்டும் முதலிடத்தில் தொடங்கி, முதல் வளைவிலேயே பிறரால் மோதப்பட்டு வெளியேறினார். தடத்தின் ஓரத்தில் நின்று பிற வண்டிகளைக் கவனித்த அவருக்கு, பெனட்டன் வண்டியில் தடை செய்யப்பட்ட இழுவைக் கட்டுப்பாடு இன்னும் இயங்குகிறது என்ற ஐயம் எழுந்தது. பின்னர் நடந்த ஆய்வில் பெனட்டனின் மென்பொருளில் தொடக்கக் கட்டுப்பாட்டு நிரல் மறைவான ஒரு தெரிவாக இருந்தது தெரியவந்தது. எனினும் பந்தயத்தில் அது பயன்படுத்தப்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை. நிரலை ஒப்படைக்கத் தாமதித்ததற்காக அணிக்குத் தண்டம் மட்டும் விதிக்கப்பட்டது. இரண்டு பந்தயங்கள் முடிவில் சூமாக்கரிடம் 20 புள்ளிகள் இருந்தன, சென்னாவிடம் ஒன்றும் இல்லை.

இமோலா

மூன்றாவது பந்தயத்துக்காக அணிகள் இமோலாவில் கூடின. ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை, பிரேசிலைச் சேர்ந்த இளைஞர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ கடும் விபத்துக்குள்ளாகி உயிர்தப்பினார். மறுநாள் ஆத்திரிய ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பர்கர் தகுதிச்சுற்றில் சுவரில் மோதி இறந்தார். சென்னா விபத்து நடந்த இடத்துக்கே சென்று பார்த்தார். பந்தய மருத்துவரும் அவருடைய நண்பருமான சிட் வாட்கின்ஸ், ஓட்டுவதை விட்டுவிடும்படி அன்று அவரிடம் கேட்டுக்கொண்டதாகப் பின்னர் எழுதியுள்ளார். ஞாயிறு காலையில் ஓட்டுநர்களின் பாதுகாப்புக்காக ஒரு சங்கத்தை மீண்டும் அமைப்பது குறித்துச் சென்னா பிறருடன் பேசினார்.

மே 1 பிற்பகல் பந்தயம் தொடங்கியதும் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டன. சிதறல்களை அகற்றும் வரை அனைவரும் பாதுகாப்பு வண்டியின் பின்னே மெதுவாகச் சென்றனர். மெதுவாகச் சென்றால் டயர்கள் குளிர்ந்து அவற்றின் காற்றழுத்தம் குறையும். வண்டி தரைக்கு மேலும் தாழும். ஐந்தாம் சுற்றின் முடிவில் பாதுகாப்பு வண்டி விலகியது. ஏழாம் சுற்றில், உள்ளூர் நேரம் 2 மணி 17 நிமிடத்துக்கு, டம்புரெல்லோ என்ற இடப்பக்க வளைவில் சென்னாவின் வண்டி வளையாமல் வலப்புறமாக நேரே சென்று சுவரில் மோதியது. தடத்தை விட்டு விலகியபோது வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பிரேக் இட்டும் 200-க்கு மேற்பட்ட வேகத்திலேயே மோதல் நிகழ்ந்தது. பெயர்ந்து வந்த முன்சக்கரமும் தொங்கல் அமைப்பின் துண்டும் தலைக்கவசத்தைத் தாக்கின. பொலோன்யா நகரின் மஜ்ஜோரே மருத்துவமனையில் அன்று மாலை அவர் இறந்தார். ராட்சன்பர்கரின் நினைவாக வெற்றிக்குப்பின் விரித்துக் காட்டுவதற்கென அவர் வைத்திருந்த ஆத்திரிய நாட்டுக் கொடி வண்டிக்குள் காணப்பட்டது.

விபத்தின் காரணம் குறித்து இத்தாலிய நீதிமன்றங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. இருக்கையில் இடம் போதவில்லை என்று சென்னா கேட்டுக்கொண்டதன் பேரில் திசைமாற்றித் தண்டு வெட்டி, சிறிய விட்டமுள்ள குழாயுடன் பற்றவைக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் அத்தண்டு முறிந்து கிடந்தது. 1997-இல் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டு, 2007-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தரக்குறைவாக மாற்றியமைக்கப்பட்ட தண்டு முறிந்ததே காரணம் என்றும், அணியின் தொழில்நுட்ப இயக்குநர் பாட்ரிக் ஹெட் அதற்குப் பொறுப்பு என்றும் முடிவுசெய்தது. காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டனை எதுவும் இல்லை. தண்டின் வடிவமைப்பு மோசமானது என்பதை நியூவி மறுக்கவில்லை. ஆயினும் வண்டியின் அடிப்பகுதி மேடுகளில் உரசியதால் அழுத்து விசை அறுந்து, பின்புறம் வழுக்கியிருக்கக் கூடும் என்பதே அவர் கருத்து. தீர்ப்பு வந்தபின்னும் பொறியாளர்களிடையே இக்கருத்து வேறுபாடு தீரவில்லை.

இறப்புக்குப் பின்

பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சாவோ பாவுலோவின் தெருக்களில் பெருந்திரளான மக்கள் கூடினர். மே 5 அன்று மொரும்பி இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பேழையைச் சுமந்தவர்களுள் புரோஸ்டும் ஒருவர். ஏழைக் குழந்தைகளின் கல்விக்காகச் சென்னா எண்ணியிருந்த பணியைத் தமக்கை விவியானி அதே ஆண்டில் ஓர் அறக்கட்டளையாக நிறுவினார்.

சென்னா பேசத் தொடங்கிய ஓட்டுநர் சங்கம் இரு வாரங்களுக்குள் மொனாக்கோவில் மீண்டும் உருப்பெற்றது. அவ்வாண்டு நடுவிலேயே வண்டிகளின் அடியில் மரப்பலகை பொருத்தப்பட்டு, தரையை ஒட்டித் தாழ்ந்து ஓடுவது தடுக்கப்பட்டது. டம்புரெல்லோ வளைவு அடுத்த ஆண்டு வேகத்தைக் குறைக்கும் இரட்டை வளைவாக மாற்றப்பட்டது. அவர் விட்டுச்சென்ற 65 முதலிடத் தொடக்கங்கள் என்ற சாதனையைச் சூமாக்கர் 2006-இல் முறியடித்தார்; முறியடித்த இடமும் இமோலாவே.

இழுவைக் கட்டுப்பாட்டின் கதை அவருடன் முடியவில்லை. மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் நிரலைக் கண்டுபிடித்துத் தடுப்பது இயலாததாக இருந்தமையால் 2001-இன் எசுப்பானியப் பந்தயத்திலிருந்து அது மீண்டும் ஏற்கப்பட்டது. எல்லா அணிகளுக்கும் ஒரே வகைக் கட்டுப்பாட்டுக் கணினி கட்டாயமாக்கப்பட்ட 2008-இல்தான் மீண்டும் தடை செய்யப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இரண்டு காலங்களிலும் ஓட்டியவர்: 2005-இல் ஜோர்டான் அணியில் இழுவைக் கட்டுப்பாட்டுடனும், 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் இசுப்பானியா அணியில் அது இல்லாமலும். 2010-இல் இசுப்பானியா அணி தன் முதல் பந்தயத்தைப் பகுரைனில் தொடங்கியபோது அதன் இரண்டு வண்டிகளில் ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஓட்டினார். மற்றொன்றை ஓட்டியவர் புரூனோ சென்னா. அயர்ட்டனின் தமக்கை விவியானியின் மகன்.